மருந்து இலவசம், வழி இலவசமல்ல

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு நடந்த பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், 2000ஆம் ஆண்டு உயர்தர வகுப்பின் சார்பில் ஆற்றிய உரை)



எங்களுக்குப் படிப்பித்த ஆசிரியைகளே, எங்களுக்கு முன்னால் இந்த வாசலைக் கடந்து போன ராத்தாமாரே, அக்காமாரே, எங்களுக்குப் பின்னால் வந்த தங்கச்சிமாரே, கட்டாரிலும் லண்டனிலும் மெல்பனிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் சகோதரிகளே,

எங்கள் வகுப்பின் சார்பில் பேசச் சொல்லி விழாக்குழு கேட்டபோது, பழைய கதைகளைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். காலைக்கூட்டத்தில் வெயில் தாங்காமல் வரிசையாக மயங்கி விழுந்தது, விஞ்ஞான கூடத்தில் ஒரே ஒரு நுணுக்குக்காட்டிக்கு நாற்பது பேர் அடிபட்டது எல்லாம் எங்களிடமும் நிறைய உண்டு. அவற்றைச் சாப்பாட்டு நேரத்தில் பேசுவோம். இந்த மேடையில் வேறொன்றைப் பேச வேண்டும் என்று எங்கள் வகுப்பு முடிவு செய்தது.

எங்கள் வகுப்புக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் பிள்ளைகளின் பரீட்சைக்கும் கல்யாணங்களுக்கும் அடுத்தபடியாக அதிகம் வரும் செய்தி ஒன்றுதான்: இன்னாருக்குப் புற்றுநோயாம், காசு சேர்க்கிறோம், கணக்கு இலக்கம் இது. வைத்தியத் துறையில் இருக்கும் எங்களிடம் அதே செய்தி கேள்வியாக வரும். "டொக்டர், இதுக்கு எவ்வளவு முடியும்?" எந்த நோய், எந்தக் கட்டம், மாறுமா என்று கேட்பதற்கு முன்பே அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. இன்றைய பேச்சு அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் கதை. அவளுடைய அனுமதியோடுதான் சொல்கிறோம். அவள் இந்த மண்டபத்தில் இருக்கிறாள். பெயர் சொல்லமாட்டோம், நீங்களும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

அவள் ஒரு பாடசாலையில் ஆசிரியை. இரண்டு பெண் பிள்ளைகள். நமது கரையோரத்தில் வீடு பெண்ணுக்கு. தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் அதுதான் வழமை. மகள் பிறந்தால் வாப்பாவும் உம்மாவும் அன்றிலிருந்தே கல்லும் மண்ணும் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அவளும் அப்படித்தான். தன்னுடைய வீடு மூத்த மகளுக்கு. சாகாமத்தில் உம்மா வழியாக வந்த இரண்டு ஏக்கர் வயலின் விளைச்சலில் இளைய மகளுக்கு ஒரு வீடு. இதுதான் அவளுடைய திட்டம்.

2021ஆம் ஆண்டில் ஒரு கல்யாண வீட்டுக் குசினியில், பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றபோது, மெதுவாகச் சொன்னாள். மார்பில் ஒரு கட்டி. "எத்தனை நாளாடி?" என்று கேட்டோம். "ஏழு மாசம்." "ஏன் சொல்லல்ல?" அதற்கு அவள் சொன்ன பதிலை எங்களால் மறக்க முடியவில்லை. "சொன்னா வீடு போயிரும் எண்டு பயந்திட்டன்."

சாவுக்கு அவள் அந்த அளவு பயப்படவில்லை. மகளின் வீட்டை விழுங்கிவிடும் என்றுதான் அந்தக் கட்டிக்குப் பயந்தாள்.

அப்போது நாங்கள் சொன்ன பதில், வைத்தியர்கள் எல்லோரும் சொல்வதுதான். "காசைப் பத்தி இப்ப யோசிக்காத, முதல்ல போய்க் காட்டு." நல்ல மனதோடு சொன்ன பிழையான பதில் அது. போய்க் காட்டு என்றது சரி. காசைப் பற்றி யோசிக்காதே என்றதுதான் பிழை. நாங்கள் யோசிக்காமல் விட்டதால் அவளுடைய குடும்பம் அவசரத்தில் யோசித்தது. யாரோ ஒரு தனியார் வைத்தியசாலையின் பெயரைச் சொன்னார்கள். கொழும்புக்குப் போனார்கள். சத்திரசிகிச்சை, ஸ்கேன், பரிசோதனைகள், தங்கும் அறை, கூடப் போனவர்களின் சாப்பாடு. பெரும்போக அறுவடைக்கு முன்பே வயல் விலை பேசப்பட்டது. அவசரத்தில் விற்கும் வயலுக்கு என்ன விலை கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

பிறகு அந்தக் கட்டியின் தன்மையைப் பரிசோதித்தபோது ஹேர்-2 என்ற புரதம் அதிகமாக உள்ள வகை என்று தெரிந்தது. அந்த வகைக்கு ட்ரஸ்டுசுமாப் என்று ஒரு மருந்து இருக்கிறது. அமெரிக்காவில் 1998இல் அனுமதி பெற்றது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. மார்பகப் புற்றுநோயின் இந்த வகைக்கு அது பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்த மருந்து. ஆனால் வழமையாக மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு வருடம் ஏற்ற வேண்டும். வெளியே காசு கொடுத்து வாங்கினால் ஒரு ஆசிரியையின் சம்பளம் அதற்குக் கிட்டவும் வராது.

அங்கேதான் அவள் நின்றாள். வயல் முடிந்துவிட்டது, அடுத்தது வீடு. அந்த இடத்தில்தான் எங்களுக்குப் புத்தி வந்தது. அரச வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு அவளை மாற்றினோம். அதே மருந்து அங்கே இலவசம். தாதிமாரும் நிபுணர்களும் பொறுமையாகக் கவனித்தார்கள். முதல் நாளே அங்கே போயிருந்தால் சாகாமத்து வயல் இன்றும் அவளுடைய பெயரில் இருந்திருக்கும்.

சகோதரிகளே, இந்த நாட்டில் அரச வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. சத்திரசிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு மூன்றும் இலவசம். மகரகமவில் உள்ள அபேக்ஷா வைத்தியசாலைதான் இதற்குத் தேசிய நிலையம். அதுமட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். நமக்கு அருகில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. கண்டியில் உண்டு, காலி கராப்பிட்டியவில் உண்டு, யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் உண்டு. முதல் பரிசோதனைகளைக் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலோ, அக்கரைப்பற்றிலோ தொடங்கலாம். தனியாரிடம் ஒருவரைக் காட்டுவதில் பிழையில்லை. சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்து வைப்பதற்கு முன்னால் அவரிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இதே சிகிச்சையை அரச வைத்தியசாலையில் எங்கே செய்யலாம், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?" நேர்மையான வைத்தியர் யாரும் அந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்.

இலவசம் என்று சொன்னோம். அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 350ஐத் தாண்டியபோது, நாடு முழுவதும் அரச வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டது. வெளியே வாங்கி வாருங்கள் என்று துண்டெழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. எங்கள் தோழிக்கும் அப்படி ஒரு கட்டம் வந்தது. அப்போது இந்தப் பாடசாலையின் பழைய மாணவிகள் சேர்த்து அனுப்பிய காசில்தான் இரண்டு தடவை மருந்து ஏற்றப்பட்டது. கொடுத்தவர்கள் இந்த மலரை வாசிப்பீர்கள். அந்தக் காசு எங்கே போனது என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் வயல்வேலைக்குப் போகும் ஒரு தாய். மருந்து முழுக்க இலவசமாகக் கிடைத்தது. மூன்று தடவை வந்தார், நான்காவது தடவைக்கு வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டபோது காரணம் தெரிந்தது. பஸ் காசு. துணைக்கு வரும் தங்கச்சியின் ஒரு நாள் கூலி. சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நாங்கள் தேடிப் போனபோது காலம் கடந்துவிட்டது. அரசாங்கம் கொடுத்த மருந்தின் விலையோடு பார்த்தால் அந்தப் பஸ் காசு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத காசுக்குத்தான் ஒரு உயிர் போனது. இந்தப் பேச்சுக்கு நாங்கள் வைத்த தலைப்பு அவரிடமிருந்து வந்தது.

ஆகவே வழிக்குக் காசு எங்கிருந்து வரும் என்று பார்ப்போம்.

முதலாவது, ஜனாதிபதி நிதியம். 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. குடும்ப வருமானத்தைப் பார்த்து மருத்துவ உதவி வழங்குகிறது. முன்பு இதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். திருக்கோவிலில் இருப்பவர் திருக்கோவிலிலும் கல்முனையில் இருப்பவர் கல்முனையிலும் கொடுக்கலாம். காசைக் கட்டிவிட்டுப் பிறகு கேட்போம் என்று இருந்துவிடாதீர்கள். சிகிச்சைத் திட்டம் கையில் கிடைத்த அன்றே போய் விசாரியுங்கள்.

இரண்டாவது, சமூக சேவைத் திணைக்களம். புற்றுநோயாளிகளுக்கு மாதாந்தம் ஒரு சிறு உதவிப் பணம் உண்டு. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்துக் கேட்க வேண்டும். தொகை சிறியதுதான். அந்தத் தாயின் பஸ் காசுக்கு அது போதுமாயிருந்திருக்கும்.

மூன்றாவது, அரச ஊழியர்களுக்கான அக்ரஹார காப்புறுதி. இந்த மண்டபத்தில் பாதிப்பேர் ஆசிரியைகள், எழுதுவினைஞர்கள், தாதிமார், அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். உங்கள் சம்பளத் துண்டில் மாதாமாதம் அக்ரஹாரவுக்கு வெட்டப்படுகிறது. எத்தனை பேர் அதில் ஒரு தடவையாவது கேட்டுப் பெற்றிருக்கிறீர்கள்? அரச வைத்தியசாலையில் தங்கியிருந்த நாட்களுக்கும் அதில் கொடுப்பனவு உண்டு என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கணவரும் பிள்ளைகளும் அதில் அடங்குகிறார்கள். வெள்ளி, தங்கம் என்று கூடுதல் தொகை கட்டிக் கூடுதல் பயன் பெறும் திட்டங்களும் உண்டு. எங்கள் தோழி பதினாறு வருடம் கட்டியிருந்தாள். கேட்க வேண்டும் என்று நினைவு வந்தபோது பாதிப் பற்றுச்சீட்டு இல்லை, கேட்க வேண்டிய காலமும் போய்விட்டது.

நான்காவது, தனியார் துறையில் வேலை செய்பவர்களுக்கு. ஊழியர் சேமலாப நிதியில் பத்து வருடம் பங்களித்து, கணக்கில் குறைந்தது மூன்று இலட்சம் ரூபாய் இருந்தால், வீட்டுத் தேவைக்கோ வைத்தியத் தேவைக்கோ 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். தொழில் திணைக்களத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் நமது தங்கச்சிமாருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. வட்டிக்கு வாங்குவதற்கு முன்னால் இதை விசாரியுங்கள்.

இனி, நாமாகக் காசு கட்டி எடுக்கும் காப்புறுதி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசுவோம். எங்கள் தோழி அதிகம் காயப்பட்ட இடம் இதுதான்.

அவள் ஒரு காப்புறுதி எடுத்திருந்தாள். அதில் பாரதூரமான நோய் வந்தால் ஒரு தொகை கிடைக்கும் என்று இருந்தது. முகவர் சொந்தக்காரர். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே படிவத்தை அவரே நிரப்பினார். "ஏதும் வருத்தம் இருக்கா?" என்று கேட்கவில்லை. இல்லை, இல்லை, இல்லை என்று வரிசையாகப் புள்ளடி போட்டார். அவள் கையெழுத்து வைத்தாள். அந்த நேரம் அவள் தைரொயிட் குளிசை குடித்துக்கொண்டிருந்தாள். வருடக்கணக்காகத் தவணை கட்டினாள். நோய் வந்து காசு கேட்டபோது, தகவலை மறைத்ததாகச் சொல்லிக் கம்பனி மறுத்துவிட்டது. தைரொயிட்டுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம் என்று அவள் அழுதாள். சட்டத்தில் கேள்வி வேறு. காப்புறுதி ஒப்பந்தம் பூரண நம்பிக்கையின் மேல் நிற்பது. கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லும் கடமை கையெழுத்து வைத்தவருக்கு இருக்கிறது. புள்ளடி போட்டவர் யார் என்பதை அந்தக் காகிதம் சொல்லாது, கையெழுத்து யாருடையது என்பதை மட்டும்தான் சொல்லும்.

ஆகவே ஒன்று: படிவத்தை நீங்களே நிரப்புங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். நீரிழிவு, பிரஷர், தைரொயிட், முன்பு செய்த சத்திரசிகிச்சை எல்லாவற்றையும் எழுதுங்கள். தவணை கொஞ்சம் கூடலாம், கூடட்டும். நிரப்பிய படிவத்தின் பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: காப்புறுதியில் இரண்டு வகை உண்டு என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, வைத்தியசாலைச் செலவை எல்லை வரை திருப்பித் தருவது. மற்றது, குறித்த நோய் என்று உறுதியானதும் ஒரு தொகையை மொத்தமாகத் தருவது. முதலாவது பில்லுக்கு உதவும், பஸ் காசுக்கு உதவாது. இரண்டாவதைப் பஸ் காசுக்கும் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் எடுக்கலாம். ஆனால் இரண்டாவது வகையில் பெரும்பாலும் மிக ஆரம்பக் கட்டப் புற்றுநோய் அடங்காது. தோன்றிய இடத்தை விட்டுப் பரவாத கட்டத்தில் கண்டுபிடித்தால் காசு இல்லை என்று சிறிய எழுத்தில் இருக்கும். காப்புறுதி எடுத்த முதல் சில மாதங்களுக்குள் நோய் வந்தாலும் கிடைக்காது. அது எத்தனை மாதம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று: வைத்தியசாலையில் ஒரு இரவாவது தங்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். புற்றுநோய்க்கு இது மிக முக்கியம். கீமோ மருந்தைப் பெரும்பாலும் காலையில் ஏற்றி மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். கதிர்வீச்சு சில நிமிட வேலை, ஆனால் வாரக்கணக்காகத் தினமும் போக வேண்டும். இரவு தங்கினால்தான் காசு என்று எழுதியிருந்தால், சிகிச்சையின் பெரும்பகுதி அதற்கு வெளியே நின்றுவிடும். "பகல் சிகிச்சை அடங்குமா, வெளிநோயாளர் கீமோ அடங்குமா" என்று எழுத்தில் கேளுங்கள்.

நான்கு: மறுத்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பனிக்கே மேன்முறையீடு செய்யுங்கள். பிறகு காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். 2005 முதல் இயங்கும் அந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் முறைப்பாட்டை ஏற்கும். எங்கள் தோழி முதல் கடிதத்தைக் கண்டதும் பைலை மூடிவிட்டாள். களைத்துப்போன நோயாளியால் சண்டை பிடிக்க முடியாது. அவளுக்காகச் சண்டை பிடிக்க நாங்கள் இருந்திருக்க வேண்டும். நாங்கள் காசு மட்டும்தான் அனுப்பினோம்.

காப்புறுதியே கூடாது என்று விலகி நிற்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. வட்டி, நிச்சயமற்ற வியாபாரம் என்ற தயக்கம் அது. அந்தத் தயக்கத்தை நாங்கள் மதிக்கிறோம். அதற்காகத்தான் ஒருவருக்கொருவர் பங்களிப்புச் செய்யும் தகாபுல் முறை 1999இல் அமானா தகாபுல் மூலம் இலங்கைக்கு வந்தது. மார்க்க விடயத்தை உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். எந்த வாசலால் உள்ளே போனாலும் படிவத்தை உண்மையாக நிரப்புவதும் நிபந்தனையை வாசிப்பதும் ஒன்றுதான்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்குச் சிகிச்சை இலவசம். புற்றுநோயாளிகளுக்கு 2009 முதல் மருந்துச்சீட்டுக் கட்டணமும் இல்லை, அதற்கான விலக்குச் சான்றிதழை உங்கள் குடும்ப வைத்தியரிடம் கேட்க வேண்டும். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. கம்பனி கொடுக்கும் காப்புறுதி வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் அதுவும் போகும். ஊருக்குத் திரும்பி வந்து நாற்பத்தைந்து வயதில், வருத்தங்களோடு, புதிதாக ஒன்று எடுப்பது கஷ்டம். உடம்பு நன்றாக இருக்கும்போதே ஊரில் ஒன்றைத் தொடங்கி வையுங்கள்.

இந்தியாவுக்குப் போவதைப் பற்றியும் கேட்கிறார்கள். வேலூரும், டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் நல்ல இடங்கள்தான். ஆனால் அங்குள்ள அரசாங்கக் காப்புறுதித் திட்டங்கள் அந்நாட்டு மக்களுக்கானவை, நமக்கல்ல. நாம் முழுக் காசும் கட்ட வேண்டும். மருத்துவ விசா, தங்குமிடம், திரும்பத் திரும்பப் போகும் பயணம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். இங்கே கிடைக்காத சிகிச்சை ஒன்று இருந்து, உங்கள் நிபுணரே போகச் சொன்னால் போங்கள். பக்கத்து வீட்டார் போனார் என்பதற்காகப் போகாதீர்கள்.

எல்லாவற்றிலும் மலிவான வழி ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நாங்கள் வைத்தியர்கள் அல்ல. சுகவனிதையர் கிளினிக் 1996 முதல் நடக்கிறது. முப்பத்தைந்து வயதானதும் போய் மார்பையும் கர்ப்பப்பைக் கழுத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், காசு இல்லை. ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை 2017 முதல் பாடசாலையிலேயே போடுகிறார்கள். நமது பாடசாலைப் பிள்ளைகளின் சம்மதக் கடிதத்தில் ஒரு தாயாவது கையெழுத்துப் போடாமல் இருக்கக் கூடாது.

கடைசியாக, இந்தச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள்.

நம் நாட்டு மக்கள் கொடுக்கத் தெரிந்தவர்கள். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் காசு சேர்த்தார்கள். 2016இல், தன் மகனின் நோயைக் கண்ட ஒரு தந்தை முன்னின்று, கதீஜா பவுண்டேஷன் மூலம் மகரகமவுக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்கவென்று சேர்த்த பணம் இருபது கோடி ரூபாயைத் தாண்டியது. சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோரும் கொடுத்தார்கள். ஆனால் இயந்திரத்துக்குக் கொடுக்கும் அளவுக்குப் பஸ் காசுக்கு யாரும் கொடுப்பதில்லை. இயந்திரத்தில் பெயர்ப்பலகை வைக்கலாம், பஸ் டிக்கெட்டில் வைக்க முடியாது.

நூற்றாண்டு நினைவாக வாசலில் ஒரு வளைவு கட்டுவதற்குப் பேசப்படுவதாகக் கேள்விப்பட்டோம். கட்டட்டும், அழகாக இருக்கும். அதோடு ஒரு மேசையும் போடுவோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பாடசாலையின் ஒரு அறையில். பிரதேச செயலகத்தில் வேலை செய்யும் ஒரு பழைய மாணவி, வங்கியில் இருக்கும் ஒருத்தி, சட்டத்தரணி ஒருத்தி, தாதி ஒருத்தி. நோயாளியின் குடும்பம் காகிதங்களைக் கொண்டு வரட்டும். படிவத்தை நிரப்பிக் கொடுப்போம், எங்கே கொடுப்பது என்று சொல்வோம், மறுப்புக் கடிதத்துக்குப் பதில் எழுதுவோம். மகரகமவுக்குப் போகிறவர்களுக்கு அங்கே தொண்டு நிறுவனங்கள் நடத்தும் தங்குமிடங்களை முன்கூட்டியே பேசிக் கொடுப்போம். பஸ் காசுக்கும் துணைக்கு வருபவரின் கூலிக்கும் ஒரு சிறு நிதி வைப்போம். ஸகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் கடனாளியும் வழிப்போக்கரும் இருக்கிறார்கள். சாகாமத்திலிருந்து மகரகமவுக்கு இராப் பஸ்ஸில் போகும் நோயாளி இரண்டுமாக இருக்கலாம். உலமாக்களிடம் கேட்டு அந்த வழியையும் திறப்போம். இந்த மேசை எல்லா ஊருக்கும் எல்லா மதத்துக்கும் பொதுவாக இருக்கட்டும், நமது வகுப்பறை எப்படி இருந்ததோ அப்படி.

வீட்டுக்குப் போனதும் நீங்கள் செய்யக்கூடிய ஒரு வேலையும் இருக்கிறது. 2004 சுனாமியில் நமது கரையோரத்தில் உயிர்களோடு பிறப்புச் சான்றிதழும் உறுதியும் பாஸ்புக்கும் போயின. அதன் பிறகு நாம் முக்கியமான காகிதங்களை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, ஓடும்போது எடுக்கத் தோதாக வைக்கப் பழகினோம். அந்தப் பையில் இன்னும் நான்கு காகிதம் சேருங்கள்: காப்புறுதிப் பத்திரம், நிரப்பிய படிவத்தின் பிரதி, கடைசிச் சம்பளத் துண்டு, உங்கள் பழைய நோய்களின் நோய் நிர்ணய அட்டைகள். பை எங்கே இருக்கிறது என்று கணவருக்கோ மூத்த பிள்ளைக்கோ சொல்லி வையுங்கள்.

எங்கள் தோழிக்குச் சிகிச்சை முடிந்து மூன்று வருடம் ஆகிறது. நலமாக இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். பாடசாலைக்குப் போகிறாள். மூத்த மகளின் வீடு நிற்கிறது. இளைய மகளின் வீட்டுக்கு வயல் இல்லை. இந்தப் பேச்சை எழுதிய பிறகு முதலில் அவளிடம்தான் வாசித்துக் காட்டினோம். கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னாள். "அந்த மேசையில ஒரு கதிர எனக்குப் போடுங்க. படிவம் நிரப்ப இப்ப எனக்கு நல்லாத் தெரியும்."

முதல் கதிரைக்கு ஆள் கிடைத்துவிட்டது. மற்றக் கதிரைகளுக்கு நீங்கள் வாருங்கள்.